சேப்பாக்கத்தில் வைத்துப் பார்த்தால்: எந்தக் காலத்து வேகப்பந்து வீச்சு உசத்தி?

அண்ணன் மகனுக்குப் பதினாறு வயசு. பள்ளி அணியில் புதுப் பந்து அவன் கையில்தான். லீவுக்கு வீட்டுக்கு வந்தவன் இப்படிக் கேட்டான்: "சித்தப்பா, தினமும் அரை மணி நேரம்தான் பழைய மேட்ச் பார்க்க அப்பா விடுவார். எந்தக் காலத்து பவுலர்களைப் பார்க்கட்டும்?"

கேள்வி சின்னது. ஆனால் வீட்டில் அன்று ராத்திரி சாப்பாடு ஆறிப்போனது. என் அப்பா, அதாவது அவனுடைய தாத்தா, யோசிக்கவே இல்லை. "வெஸ்ட் இண்டீஸ் ஆண்டி ராபர்ட்ஸ். அப்புறம் அவன் கூட வந்தவங்க. வேற யாரையும் பார்க்க வேண்டாம்" என்றார். பையனுக்கு பும்ராதான் எல்லாம். நான் இருபது வருஷத்துக்கு மேலாக 1990கள் என்று சொல்லி வருகிறவன். ஆனால் ஒரு பையன் தன் பழக்கத்தை எதை வைத்துக் கட்டப்போகிறான் என்று வரும்போது, 'எனக்குப் பிடிக்கும்' என்பது போதாது. உட்கார்ந்து ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதல் சிக்கல், எதை வைத்து ஒப்பிடுவது என்பது. வேகத்தை வைத்துப் பார்க்கலாம் என்றால், ஜெஃப் தாம்சனை 1970களின் நடுவில் பெர்த்தில் அதிவேகக் கேமரா வைத்து அளந்தபோது 160 கிலோமீட்டர் காட்டியது. ஷோயப் அக்தருக்கு 2003 உலகக் கோப்பையில் ரேடார் கருவி 161.3 காட்டியது. இரண்டும் வேறு வேறு கருவி, வேறு வேறு முறை. தாம்சனுக்கு முன்னால் வந்தவர்களில் பலருக்கு அளவே கிடையாது. அதனால் வேகத்தை ஒதுக்கி வைத்துவிட்டேன். சராசரியை (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) வைத்துப் பார்க்கலாம் என்றால், அதற்குள் ஆடுகளம், விதிமுறை, எதிரில் நின்ற பேட்ஸ்மேன் என எல்லாம் கலந்து கிடக்கிறது. மழையில் நனைந்த ஆடுகளத்தில் கிடைத்த இருபதும், சித்திரை வெயிலில் வெந்த ஆடுகளத்தில் கிடைத்த இருபதும் ஒன்றாகுமா?

அதனால் ஒரே ஒரு மைதானத்தை எடுத்துக்கொண்டேன். சேப்பாக்கம். நம்ம ஊர் என்பதற்காக மட்டும் இல்லை. வேகப்பந்து வீச்சாளருக்கு இது எதையும் இலவசமாகக் கொடுக்காத இடம். 1988ல் நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே 136 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்த மண் இது. 2001ல் ஹர்பஜன் 15 எடுத்ததும் இங்கேதான். சுழலுக்கு வாழ்வு, வெயிலுக்குக் குறைவில்லை, கடற்காற்றின் ஈரத்தில் நாலு ஓவர் வீசினாலே சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இங்கே வந்து ஒரு வேகப்பந்து வீச்சாளர் விக்கெட் எடுத்தார் என்றால், சரக்கை அவரே கொண்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். எழுபதுகளில் இந்த ஆடுகளம் இப்போது இருப்பதைவிட எழும்பிவரும் ஆடுகளம் என்பதை மட்டும் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும்.

பழைய காலத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1956ல் ஆஸ்திரேலியா இங்கே வந்தபோது ரே லிண்ட்வால் இரண்டாவது இன்னிங்ஸில் 43 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். (அது சேப்பாக்கத்தில் இல்லை, அந்த வருஷங்களில் டெஸ்ட் நடந்த மாநகராட்சி ஸ்டேடியத்தில்.) அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. அந்தத் தலைமுறையின் திறமையைச் சந்தேகிப்பவர்கள் இந்த ஒரு இன்னிங்ஸை நினைத்துக்கொள்ளலாம். அதற்கு நாலு வருஷம் முன்னால், 1952ல், லீட்ஸில் இந்தியா ஒரு ரன்கூட எடுக்காமல் நாலு விக்கெட்டை இழந்தது. அதில் மூன்று, முதல் டெஸ்ட் ஆடிய ஃப்ரெட் ட்ரூமனுக்கு. அவர்தான் பிற்பாடு டெஸ்டில் 300 விக்கெட்டைத் தொட்ட முதல் ஆள். 307 விக்கெட், சராசரி 21.57.

ஆனால் அந்தக் காலத்துக்குக் கிடைத்த சலுகைகளும் பெரியவை. இங்கிலாந்தில் ஆடுகளத்தை மழைக்கு முழுசாக மூடி வைக்கும் வழக்கம் இல்லை. நோ-பால் விதி பின்காலை வைத்து இருந்ததால், காலை இழுத்தபடியே கோட்டைத் தாண்டி வந்து, பேட்ஸ்மேனுக்கு இன்னும் கிட்டத்திலிருந்து பந்தை விட முடிந்தது. பேட்ஸ்மேன் தலையில் ஹெல்மெட் கிடையாது. 1962ல் பார்படாஸில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து நம்ம கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டையைப் பிளந்தது. உயிர் பிழைத்தார், டெஸ்ட் ஆட்டம் அதோடு முடிந்தது. அந்தப் பயமும் விக்கெட் எடுத்துக் கொடுத்தது என்பதை மறக்கக் கூடாது. தவிர, அந்தக் காலத்துப் படங்கள் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். ஒரு ஸ்பெல்லை, அதாவது ஒருவர் தொடர்ந்து வீசிய ஓவர்களை, முழுசாகப் பார்க்க முடியாவிட்டால் பையன் என்ன கற்றுக்கொள்வான்? மரியாதையோடு தள்ளி வைத்தேன்.

இனி அப்பாவின் கட்சி. இதை லேசில் தள்ள முடியாது.

1975 பொங்கல் டெஸ்ட், வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக. அப்பா அப்போது வேலைக்குச் சேர்ந்த புதுசு. அவர் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்கே நேரில் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. இந்தியா 190 ரன்னுக்கு ஆல் அவுட். அதில் குண்டப்பா விஸ்வநாத் மட்டும் ஆட்டமிழக்காமல் 97. ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸிலும் அவருக்கு 5. இந்தியா ஜெயித்தது, ஆனால் ஒரே மேட்சில் 12 விக்கெட் எடுத்துவிட்டுத் தோற்ற அந்த மனுஷனைத்தான் அப்பா இன்றும் நினைக்கிறார்.

ராபர்ட்ஸிடம் இரண்டு பவுன்சர் (குத்தித் தலை உயரத்துக்கு எழும்பும் பந்து) இருந்தது. ஒன்று கொஞ்சம் வேகம் குறைந்தது. அதை பேட்ஸ்மேன் சௌகரியமாக ஹூக் பண்ணுவார், ஒரு பவுண்டரி கூடக் கிடைக்கும். அப்புறம் அதே ஓட்டம், அதே கை, அதே இடத்தில் குத்திய இன்னொன்று. இது வேகம் கூடியது. பேட்ஸ்மேன் பழைய கணக்கிலேயே மட்டையைத் தூக்குவார், அதற்குள் பந்து முகத்துக்கு வந்துவிடும். "முதல் பவுன்சரை அடிச்சப்போ கூட்டம் கத்தும், எனக்கு மட்டும் வயித்தைக் கலக்கும்" என்பார் அப்பா. பயமுறுத்தினார்கள், அவ்வளவுதான் என்று வெஸ்ட் இண்டீஸ் பவுலர்களைப் பற்றிச் சொல்பவர்கள் இந்த இரண்டு பவுன்சரையும் யோசிக்க வேண்டும். அது முழுக்க மூளை.

அதன் பிறகு நடந்ததில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1976ல் டிரினிடாடில் வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் கிளைவ் லாய்ட் மூன்று சுழற்பந்து வீச்சாளர்களை வைத்துக்கொண்டு நாலாவது இன்னிங்ஸில் 403 ரன் இலக்கு வைத்தார். இந்தியா நாலே விக்கெட் இழந்து அதை எடுத்து முடித்தது. அதன் பிறகு லாய்ட் சுழலை நம்பவில்லை. நாலு வேகப்பந்து வீச்சாளர்கள் என்ற முடிவுக்கு வந்தார். அடுத்த டெஸ்டே ஜமைக்காவில். இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸ் 97 ரன்னில் முடிந்தது, ஐந்து பேர் காயத்தால் மட்டை பிடிக்கவே வரவில்லை. அதே கோடையில் ஓவல் மைதானத்தில், இங்கிலாந்து பவுலர்களுக்கு உயிரே இல்லாமல் கிடந்த ஆடுகளத்தில், மைக்கேல் ஹோல்டிங் 149 ரன்னுக்கு 14 விக்கெட் எடுத்தார். எல்லாம் பேட்ஸ்மேனின் காலடிக்குப் பக்கத்தில் குத்தி, குச்சியைப் பார்த்து.

1983ல் அவர்கள் இந்தியாவுக்கு வந்தார்கள். கான்பூரில் அவர்களுடைய மால்கம் மார்ஷலின் பந்து பட்டு கவாஸ்கரின் கையிலிருந்து மட்டையே நழுவி விழுந்தது. தொடரின் கடைசி டெஸ்ட் சேப்பாக்கத்தில், டிசம்பர் கடைசி வாரத்தில். கவாஸ்கர் இந்த முறை தொடக்க ஆட்டக்காரராக இறங்காமல் நாலாம் இடத்துக்குத் தள்ளிக்கொண்டார். மார்ஷல் முதல் இரண்டு விக்கெட்டையும் எடுத்துவிட, அவர் உள்ளே நடந்து வரும்போது ஸ்கோர்போர்டில் இன்னும் ரன் பூஜ்யம். அங்கிருந்து ஆட்டமிழக்காமல் 236. பிராட்மேனின் 29 சதங்களைத் தாண்டிய முப்பதாவது சதம் அது. 1975ல் இங்கே நெருப்பாக வீசிய ராபர்ட்ஸுக்கு அதுவே கடைசி டெஸ்டாகவும் அமைந்தது.

அந்த 236ஐக் காட்டி 'அடிக்க முடிந்ததே' என்று சிலர் வாதாடுவார்கள். நான் வேறு கணக்கைப் பார்க்கிறேன். அந்தத் தொடரில் ஆறு டெஸ்டில் மார்ஷலுக்கு 33 விக்கெட், ஹோல்டிங்குக்கு 30. இந்திய ஆடுகளங்களில்! தொடரை வெஸ்ட் இண்டீஸ் மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. மார்ஷல் மற்றவர்களைப் போல நெட்டை ஆள் இல்லை. மேலிருந்து குத்துகிற வசதி அவருக்குக் கிடையாது. அதனால்தான் பந்து தரையை உரசி வழுக்கிக்கொண்டு வரும். இரண்டு பக்கமும் ஸ்விங், தேவைப்பட்டால் குத்திய பிறகு திரும்பும் கட்டர். 1984ல் லீட்ஸில் இடது கட்டைவிரல் உடைந்து கட்டுப்போட்ட நிலையில் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு 53 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். 376 விக்கெட், சராசரி 20.94. ஒரே ஒரு வேகப்பந்து வீச்சாளரைத் தேர்வு செய்யச் சொன்னால் என் கை மார்ஷலிடம்தான் போகும்.

அப்படியானால் முடிவு ஆகிவிட்டதே? இல்லை. நாம் ஒப்பிடுவது ஒரு ஆளையோ ஒரு அணியையோ இல்லை, ஒரு காலத்தை. அந்தக் காலத்துத் தொடக்க ஆட்டக்காரர் ஒருவரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். வெஸ்ட் இண்டீஸுக்குப் போனால் தூக்கம் வராது, சரி. பாகிஸ்தான் போனால் இம்ரான் இருக்கிறார், நியூசிலாந்து போனால் ஹாட்லி இருக்கிறார். ஆனால் ஹாட்லியின் ஓவரைக் கடந்துவிட்டால் எதிர்முனையில் மூச்சு விடலாம். இந்தியாவுக்கு வந்தால் கபில் தனி ஆள். 1980ல் பாகிஸ்தானுக்கு எதிராக அவர் சேப்பாக்கத்தில் 11 விக்கெட்டும் எடுத்து 84 ரன்னும் அடித்தார் என்றாலும், கூட ஓட ஆளில்லை. 1984 ஜனவரியில் லில்லி ஓய்வு பெற்ற பிறகு ஆஸ்திரேலியாவின் பந்துவீச்சு சில வருஷம் தடுமாறியது. தென்னாப்பிரிக்கா 1970லிருந்தே தடையில் கிடந்தது. ஆக, சிகரம் மிக உயரம். சுற்றிலும் சமவெளி நிறைய.

விதியும் அன்று அவர்கள் பக்கம்தான். ஓவருக்கு எத்தனை பவுன்சர் என்று கணக்குக் கிடையாது. ஓவரை மெதுவாகப் போட்டுக்கொண்டே போகலாம். பல நாட்களில் 80 ஓவர்கூட வீசாமல் ஆட்டம் முடிந்துவிடும். நாலு பேரும் மாறி மாறி ஓய்வெடுத்துக்கொள்ள அது வசதி. 1991ல் ஒரு பேட்ஸ்மேனுக்கு ஓவருக்கு ஒரு பவுன்சர்தான் என்று விதி வந்தது, 1994ல் ஓவருக்கு இரண்டு என்று தளர்ந்தது. அந்த ஆயுதத்தைப் பறித்த பிறகும் ஒரு தலைமுறை என்ன செய்தது என்று பார்த்தால்தான் என் கட்சி புரியும்.

1999 ஜனவரி. பாகிஸ்தான் பல வருஷங்களுக்குப் பிறகு டெஸ்ட் ஆட இந்தியா வந்திருந்தது. நான் கல்லூரியில் இருந்தேன். வாலாஜா சாலைப் பக்கம் விடியற்காலையிலேயே வரிசையில் நின்று உள்ளே போனவன். அந்த டெஸ்டை எல்லோரும் சச்சினின் 136க்காகவும், 12 ரன்னில் தோற்றதற்காகவும், தோற்ற பிறகும் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியதற்காகவும் நினைவு வைத்திருக்கிறார்கள். விக்கெட் கணக்கைப் பார்த்தால் சுழற்பந்து வீச்சாளர் சக்லைன் முஷ்டாக்கின் பத்து விக்கெட்தான் முன்னால் நிற்கும். ஆனால் வேகப்பந்து வீச்சைப் பற்றி நான் தெரிந்துகொண்டது முழுக்க அந்த மேட்சின் இரண்டு துண்டுகளில் இருக்கிறது.

முதல் துண்டு வெங்கடேஷ் பிரசாத். பாகிஸ்தானின் இரண்டாவது இன்னிங்ஸ். அஃப்ரிடி 141 அடித்து, ஆட்டம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. 4 விக்கெட்டுக்கு 275. பிரசாத் நல்ல நாளிலேயே மிதவேகம்தான். பந்து பழசு. ஆடுகளம் சுழலுக்கு ஏற்றது. அந்த நேரத்தில் 18 பந்தில் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 5 விக்கெட் எடுத்தார். பாகிஸ்தான் 286 ஆல் அவுட். பிரசாத் 33 ரன்னுக்கு 6. வேகப்பந்துப் பாரம்பரியம் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள முடியாத ஒரு அணியின் இரண்டாவது பவுலருக்கே, பழைய பந்தை வைத்துக்கொண்டு செத்த ஆடுகளத்தில் என்ன செய்யலாம் என்று தெரிந்திருந்தது.

இரண்டாவது துண்டு ஒரே ஒரு பந்து. வாசிம் அக்ரம் வீச்சு, ராகுல் திராவிட் மட்டை. நான் உட்கார்ந்திருந்தது பக்கவாட்டு ஸ்டாண்டு. அங்கிருந்து பந்து எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரியாது, எங்கே விழுந்தது, எவ்வளவு வேகம் என்பது மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: திராவிட் நேர் மட்டையோடு லெக் பக்கப் பந்தை ஆடப் போகிறார். தலை அசையவில்லை, மட்டை நேராக இறங்குகிறது, புத்தகத்தில் படம் போடலாம். ஒரு சத்தம். அடுத்த நொடி பாகிஸ்தான் ஆட்கள் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்தத் தடுப்பாட்டத்தில் என்ன தப்பு என்று யாருக்கும் விளங்கவில்லை. ராத்திரி டிவியில் போட்டுக் காட்டியபோதுதான் புரிந்தது. லெக் ஸ்டம்புக்கு நேராக விழுந்த பந்து, மட்டையைத் தாண்டி வெளியே போய் ஆஃப் ஸ்டம்பைத் தொட்டிருக்கிறது. அந்தப் பந்தை இன்று வரை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. திராவிட் தப்பே செய்யவில்லை என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றுகிறது.

ரிவர்ஸ் ஸ்விங் என்ன செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். புதுப் பந்து சொரசொரப்பான பக்கம் நோக்கி வளையும். பந்து பழசாகி, ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக வைத்து, மறுபக்கத்தைக் காய விட்டால், நல்ல வேகத்தில் வீசும்போது அது தலைகீழாகி, பளபளப்பான பக்கம் நோக்கி வளைய ஆரம்பிக்கும். அதுவும் கடைசி நேரத்தில். இதற்குக் காய்ந்த, பந்தைத் தேய்க்கிற தரை வேண்டும். அதாவது சேப்பாக்கம் மாதிரி இடம். வேகப்பந்துக்கு உதவாது என்று நாம் நினைத்த அதே மண்ணைத் தனக்கு உதவ வைத்த வித்தை இது. சர்ஃப்ராஸ் நவாஸ் காலத்திலிருந்தே பாகிஸ்தானில் இருந்தது. வாசிமும் வக்காரும் 1990களில் அதை உலகத்துக்கே காட்டினார்கள். வாசிம் 414 விக்கெட், வக்கார் 373. வக்காருக்குச் சராசரியாக 43 பந்துக்கு ஒரு விக்கெட்.

இப்போது அதே தொடக்க ஆட்டக்காரரை 1990களில் ஊர் ஊராக அனுப்பிப் பாருங்கள். வெஸ்ட் இண்டீஸில் அம்புரோஸ், வால்ஷ், முதுகு ஒத்துழைத்த வரை இயன் பிஷப். பாகிஸ்தானில் வாசிம், வக்கார். தடை நீங்கி வந்த தென்னாப்பிரிக்காவில் டொனால்ட், பிறகு பொல்லாக். ஆஸ்திரேலியாவில் மெக்ரா, பிறகு கில்லெஸ்பி. அம்புரோஸ், மெக்ரா, டொனால்ட், பொல்லாக், வக்கார், வாசிம், பிஷப், வால்ஷ் எட்டுப் பேரின் டெஸ்ட் சராசரியும் 25க்குக் கீழே. 1993ல் பெர்த்தில் அம்புரோஸ் 32 பந்தில் ஒரே ஒரு ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். 1996 டிசம்பரில் டர்பனில் டொனால்டுக்கு எதிரே சச்சின், திராவிட், அசாருதீன் எல்லாம் இருந்தும் நாம் எடுத்தது 100, அப்புறம் 66. 2001ல் இந்தியாவில், ஹர்பஜனின் தொடர் என்றே எல்லோரும் சொல்லும் அந்தத் தொடரில், தோற்ற அணிக்கு ஆடிய மெக்ரா மூன்று டெஸ்டில் 17 விக்கெட் எடுத்தார், சராசரி 15 சொச்சம். எந்த நாட்டுக்குப் போனாலும் ஓய்வு இல்லை. இதுதான் என் வாதத்தின் நடுப்புள்ளி.

இது தற்செயலாக நடந்ததில்லை. வித்தை கைமாறியது. இங்கிலாந்தின் உள்நாட்டு அணிகளான கவுண்டிகளில் வாசிம் லங்காஷயருக்கும், வக்கார் சர்ரேவுக்கும், டொனால்ட் வார்விக்‌ஷயருக்கும், வால்ஷ் க்ளூஸ்டர்ஷயருக்கும், மார்ஷல் ஹாம்ப்‌ஷயருக்கும் ஆடினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், கற்றுக்கொண்டார்கள். மார்ஷல் கடைசி வருஷங்களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் அணிக்கு ஆடினார். அங்கே அவர் வளர்த்துவிட்ட பையன்தான் ஷான் பொல்லாக். அம்புரோஸ் 1988ல் உள்ளே வந்தபோது அதே அணியில் மார்ஷல் இருந்தார். நம்ம சென்னையிலேயே 1987ல் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கி, டென்னிஸ் லில்லி வந்து சொல்லிக்கொடுத்தார். அப்பாவின் காலத்தில் ஒரு அணியிடம் இருந்தது, என் காலத்தில் உலகம் முழுக்கப் பரவியது.

என் கட்சிக்கு எதிராக நியாயமான ஒரு குறை உண்டு. அந்தக் காலத்து ரிவர்ஸ் ஸ்விங் மேல் பந்தைச் சேதப்படுத்திய சந்தேகம் எப்போதும் இருந்தது. 1981ல் ஒரு கவுண்டி மேட்சில் பாட்டில் மூடியால் பந்தைக் கீறியதாக இம்ரானே பிற்பாடு ஒப்புக்கொண்டார். பந்தைச் சேதப்படுத்தியதற்காக 2000ல் வக்காருக்குத் தடை வந்தது. இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பேசுவது சரியில்லை.

இதற்குப் பதிலும் சேப்பாக்கத்திலேயே கிடைத்தது. 2021 பிப்ரவரி, கொரோனாவால் ஆளில்லாத ஸ்டாண்டுகள், ஐந்தாம் நாள் காலை. எச்சில் தொட்டுப் பந்தைத் தேய்க்கத் தடை, வியர்வை மட்டும்தான். ஒவ்வொரு விரலையும் கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. 38 வயது ஜேம்ஸ் ஆண்டர்சன் பழைய பந்தோடு வந்தார். அரை சதம் அடித்து நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஷுப்மன் கில்லின் மட்டைக்கும் கால் பேடுக்கும் நடுவே ஒன்று உள்ளே புகுந்து ஸ்டம்பைப் பிடுங்கியது. அதே ஓவரில் ரஹானே ஒரு எல்.பி.டபிள்யூ ரிவியூவில் மயிரிழையில் தப்பி, உடனே அதே மாதிரி போல்டானார். கண்காணிப்பு இவ்வளவு இருந்தும் பந்து வளைந்தது. அது மணிக்கட்டின் வித்தை, தையலை நிமிர்த்திப் பிடிக்கும் வித்தை என்று அன்றைக்கு எனக்கு நிச்சயமானது.

நடுவில் 2000களை விட்டுவிட்டேன். அது பேட்ஸ்மேன்களின் பொற்காலம். ஆடுகளங்கள் சிமெண்ட் தரை மாதிரி ஆகிவிட்டன. 2008ல் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்கா 540 அடிக்க, சேவாக் மட்டும் 319 அடித்து இந்தியா 627. அந்த இன்னிங்ஸிலும் டேல் ஸ்டெயின் 4 விக்கெட் எடுத்தார். அடுத்த டெஸ்டில் அகமதாபாதில் நாம் 76க்கு ஆல் அவுட், ஸ்டெயினுக்கு 23 ரன்னுக்கு 5. அப்படிப்பட்ட காலத்தில் 439 விக்கெட்டை 22.95 சராசரியில் எடுத்த ஸ்டெயின், எந்தக் காலத்திலும் எந்த அணியிலும் இடம் பிடிப்பவர். ஆனால் அவர் ஒருவரை வைத்து ஒரு காலத்துக்கு மதிப்பெண் போட முடியாது.

கடைசியாகப் பையனின் கட்சி. இதை நான் நினைத்ததைவிட அதிக நேரம் யோசித்தேன். பும்ரா 200 டெஸ்ட் விக்கெட்டை இருபதுக்குக் கீழான சராசரியில் எட்டிய முதல் ஆள். 2024ல் மட்டும் 71 விக்கெட், சராசரி 14.92. ஆஸ்திரேலியாவில் அந்த ஒரு தொடரில் 32. ஆஸ்திரேலியாவின் கம்மின்ஸ், ஸ்டார்க், ஹேசல்வுட் மூவரும் 2017லிருந்து ஒரே டெஸ்ட் அணியில். தென்னாப்பிரிக்காவின் ரபாடா 300 விக்கெட்டைத் தாண்டிவிட்டார். வித்தையில் கூடப் புதுசு சேர்ந்திருக்கிறது. தையலை வேண்டுமென்றே லேசாக ஆடவிட்டு, எந்தப் பக்கம் போகும் என்று வீசுகிறவருக்கே தெரியாத மாதிரி விழவைக்கும் வாபிள் சீம் இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. பரவலில் இந்தக் காலம் 1990களுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதில் சந்தேகமே இல்லை.

ஆனாலும் இரண்டு காரணங்களால் ஒரு படி கீழேதான் வைக்கிறேன். சில வருஷங்களாகப் பல நாடுகளில் ஆடுகளங்கள் பவுலர் பக்கம் சாய்ந்திருக்கின்றன. நடுவர் முடிவைக் கேமரா வைத்துச் சரிபார்க்கும் டி.ஆர்.எஸ். வந்த பிறகு, முன்பு சந்தேகத்தின் பலனில் தப்பிய எல்.பி.டபிள்யூ பலவும் இப்போது அவுட். இரண்டாவது, எதிரே நிற்கும் தடுப்பாட்டம். ஒரு நாள் முழுக்க வெளியே போகும் பந்தைத் தொடாமல் விட்டு ஆடுகிற பொறுமை இருபது ஓவர் ஆட்டத்தில் வளர்ந்தவர்களிடம் குறைந்திருக்கிறது என்பது என் கணிப்பு. வாசிமின் அந்தப் பந்து யாருக்கு விழுந்தது என்று பாருங்கள். திராவிடுக்கு.

பையன் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பும்ராவின் குட்டி ஓட்டம், நீட்டி விறைத்த கை, எல்லாம் பும்ராவின் உடம்புக்கு அமைந்தது. அவருக்கே முதுகு எத்தனையோ தடவை மக்கர் செய்திருக்கிறது. வளர்கிற முதுகெலும்போடு பதினாறு வயதில் அதைப் போலச் செய்து பார்ப்பது ஆபத்து. அம்புரோஸ், மெக்ரா இருவரின் ஓட்டத்திலும் கையிலும் அநாவசியமாக ஒன்றும் இருக்காது. ஆஃப் ஸ்டம்புக்கு மேலே, ஒரே இடத்தில், நாள் முழுக்க. அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், உடம்பும் கெடாது.

அதனால் என் முடிவு 1990கள். ஒரு அணி என்றால் 1980களின் வெஸ்ட் இண்டீஸ், ஒரு ஆள் என்றால் மார்ஷல், ஒரு காலம் என்றால் 1990கள். அப்பாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அம்புரோஸும் வால்ஷும் எங்க ஆளுங்கதானே" என்றார். உண்மைதான். அந்தக் காலத்தின் பாதி, அவருடைய காலம் வளர்த்துக் கொடுத்தது.

பையனுக்கு அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறேன். முதல் வாரம் 1993 பெர்த், அம்புரோஸின் அந்த 32 பந்து, லெங்த்தை, அதாவது பந்து குத்தும் இடத்தை மட்டும் கவனிக்க வேண்டும். இரண்டாவது வாரம் மெக்ரா, இந்தியாவில் 2001. மூன்றாவது வாரம் 1999 சென்னை: முதலில் பிரசாத், பிறகு வாசிம். தாத்தா கேட்டுக்கொண்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மார்ஷலும் ஹோல்டிங்கும், அதுவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டுமாம். ஆனால் பையன் வரிசையை மாற்றிவிட்டான். நேற்று போன் பண்ணும்போதே திராவிட் அவுட்டான பந்தைப் பார்த்து முடித்திருந்தான். "சித்தப்பா, உங்ககிட்ட ஒரு பக்கம் மட்டும் தேஞ்ச பழைய பந்து இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது எடுத்துப் போக வேண்டும்.